சபர்மதிக் கரையில் ஒரு சந்தை பிழைத்த கதை

தங்கள் ஊர் ஆற்றங்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று இந்தியாவின் எந்த மாநகராட்சிக்காவது ஆசை வந்தால், அதிகாரிகள் முதலில் ரயிலேறுவது அகமதாபாத்துக்குத்தான். காரணம் இல்லாமல் இல்லை. சபர்மதியின் இரு கரைகளிலும், ஒவ்வொரு பக்கமும் சுமார் பதினொன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, இன்று உயரமான தடுப்புச்சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் தண்ணீரை ஒட்டி அகன்ற நடைபாதை. மேலே சாலை, பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள். 2012ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தக் கரைகளில் மாலை நேரங்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

விருந்தினர்களுக்கு இதையெல்லாம் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் வேறு. கிழக்குக் கரையில், எல்லிஸ் பாலத்துக்கு அருகே, ஞாயிறுதோறும் கூடும் குஜரி பஜார் அது. துருப்பிடித்த சுத்தியல், கால் உடைந்து ஒட்டவைத்த நாற்காலி, பழைய பாடப்புத்தகம், கயிற்றுக் கட்டில், அலுமினியப் பாத்திரம், ஆடு, கோழி என்று விற்காத பொருள் இல்லை. வாங்குபவர்களும் விற்பவர்களும் பெரும்பாலும் ஏழைகள். அகமதாபாத்தின் புதிய கரையைத் திட்டமிட்டவர்களின் வரைபடத்தில் இந்தச் சந்தைக்கு முதலில் உறுதியான இடம் இல்லை. இன்று இருக்கிறது. அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் மற்ற நகரங்களுக்கான பாடம் இருக்கிறது.

சபர்மதி ஜீவநதி அல்ல. ராஜஸ்தானில் ஆரவல்லி மலைகளில் பிறந்து, சுமார் 370 கிலோமீட்டர் ஓடி, காம்பத் வளைகுடாவில் கலக்கும் மழைக்கால ஆறு. மழை ஓய்ந்தால் நகரத்தின் நடுவே மணல்தான் மிஞ்சும். மேற்பகுதியில் 1970களில் தரோய் அணை கட்டப்பட்ட பிறகு மணல் இன்னும் அகலமாயிற்று. ஆனால் வறண்ட ஆறு சும்மா கிடக்கவில்லை. மணலில் காய்கறி பயிரிட்டார்கள். சலவைத் தொழிலாளர்கள் ஊற்றுத் தண்ணீரில் துணி வெளுத்தார்கள். சாயத் தொழிலாளர்கள் துணி காயவைத்தார்கள். சர்க்கஸ் கம்பெனிகள் கூடாரம் அடித்தன. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பூங்கா என்று யாரும் பெயர் வைக்காத பூங்கா அது.

கரைக்குச் சரித்திரமும் உண்டு. 1411ல் சுல்தான் முதலாம் அகமது ஷா நகரத்தை நிறுவியது இந்த ஆற்றின் கிழக்குக் கரையில்தான். அவர் எழுப்பிய பத்ரா கோட்டை இன்றும் நிற்கிறது. 1917ல் காந்தி தம் ஆசிரமத்தை இதே ஆற்றின் மேற்குக் கரைக்கு மாற்றினார். 1918ல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றங்கரை மரம் ஒன்றின் நிழலில் கூடி அவர் பேச்சைக் கேட்டார்கள். அகமதாபாத்தின் புகழ்பெற்ற ஜவுளித் தொழிற்சங்கம் 1920ல் பிறந்ததற்கு அந்த நிழலே வித்து. கூட்டம் போட யாரும் வாடகை கேட்கவில்லை. அனுமதிச் சீட்டும் தேவைப்படவில்லை.

'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய நகரத்தில் 1980களில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. வேலை இழந்தவர்களுக்கும், பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கும் ஆற்றங்கரைதான் அடைக்கலம். இரு கரைகளிலும் குடிசைகள் பெருகின. நகரத்தின் சாக்கடைகள் நேராக மணலில் கலந்தன. பெருமழைக் காலத்தில் அணையைத் திறந்தால் முதலில் மூழ்குவது அந்தக் குடிசைகளே. நிலைமை அப்படியே நீடிக்கட்டும் என்று யாரும் வாதாட முடியாது.

கரையை மாற்றியமைக்கும் யோசனையை 1960களிலேயே முன்வைத்தவர் அப்போது அகமதாபாத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பெர்னார்ட் கோன். பல பத்தாண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. 1997ல் மாநகராட்சி இதற்கென்றே ஒரு தனி நிறுவனத்தை ஏற்படுத்தியது. கட்டடக் கலைஞர் பிமல் படேலின் குழுவினர் வடிவமைத்தார்கள். 2005ல் வேலை ஆரம்பமாயிற்று.

திட்டத்தின் சூத்திரம் எளிமையானது. நகரத்துக்குள் ஆற்றின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 400 மீட்டரையும் தாண்டும். அதை எங்கும் ஒரே சீராக 263 மீட்டராக ஆக்கினார்கள். இப்படிக் கிடைத்த நிலம் சுமார் 200 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் விற்று, அந்தப் பணத்தில் மற்றதை எல்லாம் செய்வது. அதாவது அரசின் கஜானாவைக் கைவைக்காமல் ஆறே தனக்கு வேண்டிய பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

விளைந்த நன்மைகளைக் குறைத்துப் பேசுவது நியாயம் ஆகாது. ஆற்றில் விழுந்த சாக்கடைகளை இடைமறித்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுபோக இரு கரைகளிலும் பெருங்குழாய்கள் பதிக்கப்பட்டன. சலவைத் தொழிலாளர்களுக்குத் தனியே சலவைத்துறை கட்டித் தரப்பட்டது. மீட்ட நிலத்தின் பெரும்பகுதி தனியார் கைக்குப் போகாமல் சாலையாகவும் பூங்காவாகவும் மைதானமாகவும் பொதுவில் இருக்கிறது. கீழ் நடைபாதையில் நடக்கக் காசு இல்லை. மூச்சு முட்டும் நெரிசல் கொண்ட ஒரு நகரத்தில், பெண்களும் குழந்தைகளும் இருட்டிய பிறகும் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்திருப்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கரையிலிருந்து அகற்றப்பட்டன. மாற்று வீடு இல்லாமல் யாரையும் வெளியேற்றக்கூடாது என்று 2005ல் குடிசைவாசிகளின் அமைப்பு குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. ஏழைகளின் வழக்கறிஞர் என்று பெயர் பெற்ற கிரீஷ் படேல் அவர்களுக்காக வாதாடினார். நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மறுவாழ்வுக் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. ஜவஹர்லால் நேரு பெயரிலான நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. அதற்குள் பலர் பிரானா குப்பைமேட்டுக்கு அருகே உள்ள கணேஷ்நகரில் அடிப்படை வசதிகள் இல்லாமல் காலம் தள்ள வேண்டியிருந்தது.

வீடு கிடைத்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. வட்வா, ஓடவ் போன்ற புதிய குடியிருப்புகள் ஆற்றங்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், கைவண்டி இழுப்பவருக்கும், காய்கறி விற்பவருக்கும் கரையில் இருந்தவரை வேலைக்குப் போக நடந்தால் போதும். இப்போது நாள்கூலியில் ஒரு பகுதி ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. வீட்டைக் கணக்கெடுத்தவர்கள், அந்த வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை தூரம் என்பதைக் கணக்கெடுக்கவில்லை.

குஜரி பஜாரின் கதை இங்கேதான் வேறுபடுகிறது. அகமது ஷா காலத்திலேயே தொடங்கிய சந்தை என்பது வழிவழியாக வரும் பேச்சு. பல இடங்கள் மாறி, 1954ல் எல்லிஸ் பாலத்தை ஒட்டிய ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. கடை போடுபவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் முஸ்லிம்களும் தலித்துகளும், கணிசமானவர்கள் பெண்கள். வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்கி, தட்டிக் கொட்டிச் சீர்செய்து, ஏழாம் நாள் விற்பது அவர்கள் தொழில். ஆகவே சந்தையை நம்பியிருப்பவர்கள் கடை போடுபவர்கள் மட்டும் அல்ல. தச்சர், கொல்லர், பெயிண்ட் அடிப்பவர், வண்டிக்காரர், டீக்கடைக்காரர் என்று அது ஒரு நீண்ட சங்கிலி.

கரை வேலை எல்லிஸ் பாலத்தை நெருங்கியபோது சந்தைக்கு ஆபத்து வந்தது. வியாபாரிகள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. அவர்களிடம் பதிவு பெற்ற சங்கம் இருந்தது. உறுப்பினர் பட்டியல் இருந்தது. ஆண்டாண்டாக வாடகை கட்டிய ரசீதுகள் இருந்தன. நகரத்தின் உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த சில பேராசிரியர்களும் மாணவர்களும் கைகொடுத்தார்கள். யார் எங்கே உட்காருகிறார், என்ன விற்கிறார், எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதை எல்லாம் பதிவு செய்தார்கள். இடத்தை இப்படி அமைக்கலாம் என்று மாற்று வரைபடமும் தயாரானது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. கடைசியில் மாநகராட்சி இறங்கி வந்தது. 2014ல், பழைய இடத்தின் அருகிலேயே, மேடைகளும் மரங்களும் கழிப்பறைகளும் கொண்ட புதிய திடலில் சந்தை மறுபடி கூடியது.

எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் அல்ல. கணக்கில் வராமல் விளிம்பில் துணி விரித்து உட்கார்ந்தவர்களை இத்தகைய ஏற்பாடுகள் எப்போதும் முழுதாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஒன்று தெளிவாயிற்று. ஏழைகளின் சந்தையும் புதிய கரையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்குக் கூட்டத்தைக் கூட்டிவருவதில் அந்தச் சந்தைக்கு ஈடாக இன்னொரு வியாபாரம் அங்கே முளைக்கவில்லை.

அதே 2014ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தானாகவே கூடிவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக்கூடாது என்று அதன் அட்டவணை சொல்கிறது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பும் உண்டு. குஜரி பஜார்க்காரர்கள் சட்டம் வரும் முன் போராடிப் பெற்றதை, இன்று மற்ற ஊர்க்காரர்கள் சட்டத்தைக் காட்டியே கேட்கலாம்.

புதிய வியாபாரங்களின் கதையைப் பார்த்தால் இந்த ஒப்பீட்டின் அருமை விளங்கும். 2020 அக்டோபரில் சபர்மதியிலிருந்து கேவடியாவில் உள்ள படேல் சிலைக்கு நீரில் இறங்கும் விமானச் சேவை தொடங்கியது. 2021ல் நின்றது. 2022 ஆகஸ்டில் நடந்துபோகிறவர்களுக்கென அடல் பாலம் திறக்கப்பட்டது. பட்டம் போன்ற வடிவில் கண்ணைக் கவரும் பாலம்தான். ஆனால் திறந்த சில நாட்களிலேயே பெரியவர்களுக்கு 30 ரூபாய் கட்டணம் விதிக்கப்பட்டது. இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் நடக்க டிக்கெட் வாங்க வேண்டிய பாலம், போக்குவரத்துக்கான பாலம் அல்ல. அது வேடிக்கைப் பொருள். மலர்ப் பூங்காவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கட்டணம் உண்டு. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதம் சரிதான். ஆனால் கரை முழுவதும் டிக்கெட் கவுண்ட்டர்கள் பெருகப் பெருக, நான்கு பேர் கொண்ட ஒரு கூலிக் குடும்பத்துக்கு அந்தக் கரை எட்டாமல் போகும்.

இன்னொரு குறை, கரைக்கும் பழைய நகரத்துக்கும் இடையே விழுந்த கோடு. 2017ல் யுனெஸ்கோ அகமதாபாத்தின் கோட்டைச்சுவருக்குள் இருக்கும் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 'போல்' எனப்படும் குறுகிய தெருக்கூட்டங்கள், மரச் செதுக்கு வேலை கொண்ட வீடுகள், மசூதிகள், சமணக் கோயில்கள் என்று பார்க்க ஏராளம். அதன் நடுவே மாணிக் சௌக். காலையில் அங்கே பசுக்களுக்குப் புல் விற்கும். பகலில் அதே சதுக்கத்தைச் சுற்றி நகைக்கடை வியாபாரம். நகைக்கடைகள் மூடியதும் தள்ளுவண்டிகள் வந்து இரவு உணவுக் கடைத்தெரு ஆகிவிடும். ஒரே இடத்தை நேரம் பிரித்துக்கொண்டு மூன்று வியாபாரங்கள் பிழைக்கின்றன.

இந்தத் தெருக்களுக்கும் ஆற்றுக்கும் இடையில் இப்போது வேகமாக வண்டிகள் ஓடும் கரைச்சாலை இருக்கிறது. அதைக் கடந்தாலும், தண்ணீர் இன்னொரு மாடி கீழே. பழைய நகரத்துப் பெரியவர் ஒருவர் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்வர வேண்டுமானால் ஓடும் வண்டிகளுக்கு நடுவே துணிச்சலோடு இறங்க வேண்டும். படித்துறை என்றால் தெரு இறங்கி இறங்கித் தண்ணீரில் முடிய வேண்டும். இங்கே தெரு சாலையோடு முடிந்துவிடுகிறது.

நிழலும் போதாது. 2010 மே மாத வெயிலில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமான மரணங்கள் நேர்ந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதன் பிறகுதான் 2013ல் இந்தியாவிலேயே முன்னோடியான வெப்பத் தற்காப்புத் திட்டத்தை அந்நகரம் வகுத்தது. அப்படிப்பட்ட ஊரில் கீழ் நடைபாதை பெரும்பாலும் வெட்டவெளியான கான்கிரீட். கோடைப் பகலில் அங்கே நிற்க முடியாது. 1918ல் தொழிலாளர்கள் கூட ஒரு மரம் கிடைத்த கரையில், இப்போது நடுப்பகலில் உட்கார இடம் தேட வேண்டியிருக்கிறது.

தண்ணீரின் கதை தனி. நகரத்துக்குள் ஆண்டு முழுவதும் நிறைந்து நிற்பது பெரும்பாலும் சபர்மதியின் தண்ணீர் அல்ல. நர்மதைக் கால்வாயிலிருந்து திருப்பிவிடப்பட்ட தண்ணீர். தெற்கே வாஸ்னா கதவணை அதைத் தேக்கி வைக்கிறது. ஆறு என்று அழைக்கப்பட்டாலும் அது நீண்டதொரு குளம். கதவணையைத் தாண்டிய உடனே காட்சி மாறுகிறது. நகரத்தின் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் அங்கேதான் ஆற்றில் சேர்கின்றன. 2021ல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு, கூட்டுப் பணிக்குழுவை அமைத்து, சட்டவிரோதக் கழிவு இணைப்புகளைத் துண்டிக்க உத்தரவுகள் போட்டது. கரையில் உலாவுகிறவர் பார்க்கும் ஆறு தெளிந்திருக்கிறது. கீழே அதே தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சும் விவசாயி பார்க்கும் ஆறு வேறு.

இத்தனையும் தெரிந்த பிறகும் நாடு முழுவதும் நகலெடுப்பு நடக்கிறது. புனேயில் முளா, முட்டா ஆறுகளின் கரைகளில் சுமார் 44 கிலோமீட்டர் நீளத் திட்டத்தை வடிவமைத்ததும் பிமல் படேலின் நிறுவனம்தான். மரங்களை வெட்டுவதையும் ஆற்றின் அகலம் குறைவதையும் எதிர்த்து அங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லக்னோவில் கோமதிக் கரைத் திட்டம் ஆயிரம் கோடிக்கு மேல் விழுங்கியது. அதன் ஒப்பந்தங்கள் சி.பி.ஐ. விசாரணை வரை போயின. சபர்மதிக்கு இருந்த ஒரு சௌகரியம் மற்ற ஆறுகளுக்குக் கிடையாது. மற்ற எல்லா ஊருக்கும் நர்மதைக் கால்வாய் பக்கத்தில் ஓடுவதில்லை.

நகலெடுக்க வேண்டியது சுவரை அல்ல. குஜரி பஜார் பிழைத்த முறையை. பழைய கரை ஒன்றில் புதிய கடைகள் வேண்டும் என்றால், ஏற்கெனவே அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். எந்தக் கிழமை எந்தச் சந்தை, யார் துணி வெளுக்கிறார், யார் மீன் பிடிக்கிறார், எந்தத் துறையில் எந்தச் சடங்கு, யார் எந்தத் தெருவிலிருந்து எந்த வழியாக இறங்குகிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலின் மேல்தான் பூங்காவும் உணவகமும் வரையப்பட வேண்டும். விற்பதற்கென்று ஒதுக்கும் ஏழில் ஒரு பங்கில், வசதியான கம்பெனிகளுக்கு இடம் இருப்பதுபோல் சிறு வியாபாரிக்கும் குறைந்த வாடகையில் இடம் இருக்க வேண்டும். பழைய தெருக்கள் சாலையில் முட்டி நிற்காமல் தண்ணீர்வரை இறங்க வேண்டும். எந்த ஊரிலும் கணக்கெடுக்கவும் பிரதிநிதிகளை உட்காரவைக்கவும் புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை. 2014 சட்டமே போதும்.

அகமதாபாத்தில் கரையின் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டாம் கட்டம் வடக்கே இந்திரா பாலம் வரை நீள்கிறது. 2024 மார்ச்சில் சபர்மதி ஆசிரமத்தை விரிவாக்கும் சுமார் 1,200 கோடி ரூபாய்த் திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. விற்க வேண்டிய மனைகளிலும் உயரமான கட்டடங்கள் வர இருக்கின்றன. முதல் கட்டத்தில் நீதிமன்றப் படியேறிக் கேட்டு வாங்கியதை இரண்டாம் கட்டத்தில் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால், வழக்குச் செலவும் காலமும் மிஞ்சும். வியாபாரிகளின் சங்கம் தயாரித்த பட்டியல் மாநகராட்சியின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது.